அளவுப் பெட்டி

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காந்துக்கங்க. எனக்கு வெளிய பாக்க ஒண்ணும் இல்லீங்க. நான் நல்லூர்ல எறங்கிக்குவேன். நீங்க? திருப்பூர் பஸ் ஸ்டாண்டா, அப்பச் சரி. இந்தப் பையை மடியிலயே வெச்சுக்கறேன். லேப்டாப்தான், கனமில்லை.

மணி என்னங்க? நாலே முக்காலா. நல்லூர் போறப்ப ஆறாகப் பத்து நிமிசம் இருக்கும். நேரம் இருக்கு. எதுக்குன்னு சொல்றேன்.

வெள்ளகோவில்ல ஒருத்தரைப் பாக்க வந்தேன். பாத்தாச்சு. டீ வாங்கிக் குடுத்தாரு. வடை வேணுமான்னு கேட்டாரு, வேண்டாம்னேன். கொஞ்ச நாளாவே எனக்கு எதுவும் ருசி தெரியறதில்லை. போன வாரம் எங்க வீட்டுல ரெண்டு நாள் கொழம்புல உப்பே போடலையாம். என் சம்சாரம் வேணும்னே போடாம பாத்திருக்கா. ரெண்டு நாளும் சாப்ட்டு எந்திரிச்சுப் போயிட்டேனாம். அவளுக்கு அழுகை வந்துருச்சு. எதுக்கு அழுகறன்னு கேட்டேன், எனக்கு நெஜமாவே தெரியலை.

நான் சாயப்பட்டறைகளுக்கு சாப்ட்வேர் எழுதறவனுங்க. நாலு பேர் கம்பெனி, இப்ப மூணு. துணிக்குச் சாயம் போடறதுக்கு ஒரு சீட்டு வேணும். இந்தத் துணிக்கு மஞ்சள் இவ்வளவு, சிவப்பு இவ்வளவு, நீலம் இவ்வளவுன்னு. லேப்ல ஒருத்தர் கம்ப்யூட்டர்ல அதைப் போட்டு வெச்சா, அந்தப் பக்கம் கலர் ரூம்ல சீட்டா அச்சாகி வரும். அங்க இருக்கறவங்க சீட்டைப் பாத்து எடை போட்டுக் கலக்குவாங்க. அவ்வளவுதான்.

இதுல ஒரு சிக்கல் இருக்குங்க. சாயம் துணியோட எடைக்கு இத்தனை சதவீதம்னு போடுவாங்க. உப்பு, சோடா எல்லாம் லிட்டர் தண்ணிக்கு இத்தனை கிராம். வெறும் நம்பரா வெச்சா, நாப்பதுன்னு ஒருத்தர் அடிச்சா நாப்பது என்ன? சதவீதமா, கிராமா? அதனால நானே ஒரு வகை உண்டாக்குனேன். கம்ப்யூட்டருக்கு நம்பர் தெரியும், எழுத்து தெரியும், தேதி தெரியும். இது அதுக்குத் தெரியாத வகை. 'அளவு'ன்னு பேர் வெச்சேன். நம்பரும் அது எதோட நம்பருங்கறதும் ஒண்ணா ஒட்டியே இருக்கும், பிரிக்க முடியாது. நல்ல வேலைங்க அது. இன்னைக்கும் சொல்றேன், நல்ல வேலை.

திரையில நீங்க அடிக்கற பெட்டி இருக்குதில்லைங்களா, அதுல தெரியறது வேற, உள்ள இருக்கற மதிப்பு வேற. ஜனங்க ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுக்கறாங்க. நீங்களும் அப்படித்தான் நெனச்சிருப்பீங்க. மேல இருக்கறது வெறும் எழுத்து. அதைப் படிச்சு, இது சரியான அளவுதானான்னு பாத்து, உள்ள கொண்டு போய் வெக்கணும். மேல இருக்கறதையும் உள்ள இருக்கறதையும் சேத்துக் கட்டற வேலை. பைண்டிங்னு சொல்லுவோம். வெறும் எழுத்துன்னா அது தானா நடக்கும், ஒவ்வொரு எழுத்தும் அடிக்க அடிக்க உள்ள போயிரும். நாமளா உண்டாக்குன வகைன்னா, எப்பப் போகணும்னு நாமதான் முடிவு பண்ணணும்.

இப்ப ஒருத்தர் ஒண்ணு புள்ளி எட்டு சதவீதம்னு அடிக்கறாருன்னு வெச்சுக்கங்க. மொதல்ல ஒண்ணு அடிக்கறாரு. அப்புறம் புள்ளி. 'ஒண்ணு புள்ளி'ன்னு ஒரு அளவு ஊர்ல உண்டா? கிடையாது. பாதி அடிக்கறப்பவே எடுத்தா பெட்டி செவந்து போயி தப்பு தப்புன்னு சொல்லிட்டே இருக்கும். அடிக்கறவருக்கு எரிச்சல் வரும். அதனால என்ன பண்ணுனேன்னா, அவர் அடிச்சு முடிக்கட்டும், முடிச்சுட்டு அந்தப் பெட்டியை விட்டு வேற பெட்டிக்கோ பட்டனுக்கோ போகட்டும், அப்ப எடுத்துக்கலாம்னு வெச்சேன். மரியாதைங்க அது. ஒருத்தர் பேசி முடிக்கறதுக்குள்ள நாம குறுக்க பேசறதில்லையே. எங்க தொழில்ல முக்காவாசிப் பேர் அப்படித்தான் வெப்பாங்க. நீங்க யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க.

போரடிக்குதுங்களா? இல்லைன்னா சரி. இதைச் சொல்லாம அவரைப் பத்திச் சொல்ல முடியாது.

நாச்சிமுத்து அண்ணன். வீரபாண்டிப் பக்கம் ஒரு பட்டறையில லேப் இன்சார்ஜ். பட்டறை பேரு வேண்டாம். இருபத்திரண்டு வருசம் அந்த லேப்ல இருந்தவரு. ரெண்டு துணித் துண்டை நீட்டுவாரு, எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். அவர் வாசல்ல வெயிலுக்குக் கொண்டு போயி, ஒருக்கா திருப்பிப் பாத்துட்டு, "இதுல செவப்பு ஒரு பொட்டுத் தூக்கலுங்க தம்பி" அப்படிம்பாரு. பக்கத்துல கலர் அளக்கற மெஷின் இருக்கும். அவர் சொன்னதுக்கப்புறம் மெஷின்ல வெச்சுப் பாப்பாங்க. மெஷினும் அதையேதான் சொல்லும். பயலுக மெஷினைக் கிண்டல் பண்ணுவாங்க, அண்ணன்கிட்ட டியூசன் படிச்சதுன்னு.

அவருக்கு மௌஸ் ஆவாதுங்க. கையில எப்பவும் சாயம். மௌஸைத் தொட்டா மௌஸ் நீலமாயிரும், அடுத்த ஆளுக்குக் கை நீலமாயிரும், அப்புறம் அவன் தொடற துணி. சாயமாகாத சுண்டு விரலால கீபோர்டுல மட்டும் குத்திக் குத்தி அடிப்பாரு. சேமிக்கறதுக்கு மௌஸ் எடுத்துப் பட்டனை அமுக்கணும், அதுக்கு மட்டும் வேற ஆளைக் கூப்பிடணும். ஒரு நாள் என்கிட்டக் கேட்டாரு, இதுக்கு ஒரு கீ வெச்சுத் தரக்கூடாதான்னு. அன்னைக்கே வெச்சுக் குடுத்தேன். எஃப் எட்டு. அதை அமுக்குனா சேமிச்சிரும். யாரும் காசு கேக்கலை, கேட்டும் வாங்கியிருக்க மாட்டேன், அவருக்காகப் பண்ணுனது. மதியம் அவங்க வீட்டுச் சாப்பாட்டுல பாதியை எனக்குக் குடுத்தாரு. கொள்ளுப் பருப்பு. அந்த ருசி தெரிஞ்சுது, ஞாபகம் இருக்கு.

ஒரு வருசத்துக்கு மேல ஓடுச்சு. புதுச் சீட்டு போடறப்ப அளவெல்லாம் அடிச்சுட்டுக் கடைசியில குறிப்புன்னு ஒரு பெட்டி, அதுல ரெண்டு வார்த்தை அடிச்சுட்டு எஃப் எட்டு அமுக்குவாரு. குறிப்பு வெறும் எழுத்து. ஒண்ணும் ஆகலை.

போன ஆடியில ஒரு சாம்பல் கலர் ஆர்டர். வெளிநாட்டுக்காரனுக்கு. மொத சாம்பிள் கொஞ்சம் வெளுத்து வந்திருக்கு. நீலத்தை மட்டும் தூக்குனாப் போதும்னு இவருக்குத் தெரிஞ்சுது. புள்ளி ஆறு சதவீதம்னு இருந்ததை புள்ளி எட்டு ஆக்குனாரு. அந்த ஒரே பெட்டி. எஃப் எட்டு. 'சேமிக்கப்பட்டது'ன்னு பச்சையா வந்துச்சு. எந்திரிச்சுப் போயிட்டாரு.

கலர் ரூம்ல புள்ளி ஆறுன்னு சீட்டு வந்துச்சு. அவங்க புள்ளி ஆறு போட்டாங்க. எண்ணூறு கிலோ துணி, ஒரு லாட்டு முழுசும். ஆர்டர்காரன் சார்பா வந்து பாத்த ஆளு, கலர் பாக்கற வெளிச்சப் பெட்டிக்குள்ள துணியை வெச்ச ஒடனே வேண்டாம்னுட்டான். மொத்தத்தையும் கருப்புல முக்கி எடுத்தாங்க. கலர் தப்புன துணிக்கு அதுதான் வழி, கருப்பு எதையும் மறைச்சிரும்.

மொதலாளி என்னைக் கூப்பிட்டாரு. யாரு எப்ப என்ன மாத்துனாங்கன்னு எங்க சாப்ட்வேர்ல பதிவு இருக்கும். அதை எடுத்துட்டு வரச் சொன்னாரு. எடுத்துட்டுப் போனேன். அதுல என்ன இருந்துச்சோ அதைத்தான் படிச்சேன், ஒரு வார்த்தை கூட்டலை, கொறைக்கலை. பதினொண்ணு பத்துக்கு நாச்சிமுத்து சீட்டைத் தெறந்திருக்காரு. பதினொண்ணு பன்னண்டுக்குச் சேமிச்சிருக்காரு. மாத்துனது ஒண்ணும் இல்லை.

அண்ணனும் அங்க நின்னுட்டு இருந்தாரு. நான்தான் உட்காந்திருந்தேன். அவர் என்னைப் பாத்துத்தான் சொன்னாரு, மொதலாளியைப் பாத்து இல்லை.

"நான் அடிச்சனுங்க தம்பி. என்ற கண்ணால பாத்தனுங்க."

நான் பேப்பரைத் திருப்பி அவர் பக்கம் வெச்சேன். இதுல அப்படி இல்லீங்கண்ணான்னேன். திருப்பி அதையே சொன்னாரு. அடிச்சனுங்க, பாத்தனுங்க. மூணாவது வாட்டி சொல்றப்ப குரல் எறங்கிப் போச்சு. எனக்குப் பாவமாத்தான் இருந்துச்சு. வயசாச்சு, அம்பத்தஞ்சு இருக்கும், எத்தனை வருசம் கலரையே பாத்த கண்ணு. நான் நல்ல விதமாத்தான் சொன்னேங்க.

"அண்ணா, ஒருக்கா கண்ணைக் காட்டிக்கங்க."

மொதலாளிக்கு அது ஒரு வழியாப் போச்சு. திட்ட வேண்டியதில்லை பாருங்க. லேப் வேண்டாம், வாட்ச்மேனா கேட்டுல உட்காருன்னு சொல்லிப்போட்டாரு. இவர் ஒரு வாரம் உட்காந்தாரு, அப்புறம் சொந்த ஊரு வெள்ளகோவிலுக்கே வந்துட்டாரு. நான் யாரையும் வேலையை விட்டு எடுக்கச் சொல்லலை. நல்லாக் கேட்டுக்கங்க, அந்த ரூம்ல நான் சொன்னது ரெண்டே விசயம். பதிவுல இருந்ததைச் சொன்னேன். கண்ணைக் காட்டச் சொன்னேன்.

இது ஓலப்பாளையமா? ஆமா. கண்டக்டர் டிக்கெட்டுக்கு வராரு, இருங்க.

ம். அப்புறம் ஐப்பசி வாக்குல, வேற ஒரு பட்டறையில இருந்து ஒரு பொண்ணு போன் பண்ணிச்சு. சார், அடிச்சது ஏறலை, பழசே வருதுன்னு. எங்க கம்பெனியில நஸ்ரீன்னு ஒரு பொண்ணு இருந்துச்சு, கெட்டிக்காரி. நான் அதுகிட்டக் குடுத்தேன். ரெண்டு நிமிசம். ரெண்டு நிமிசத்துல கண்டுபிடிச்சுருச்சுங்க. அளவுப் பெட்டிக்குள்ள இருந்துட்டே எஃப் எட்டு அமுக்குனா, பெட்டியை விட்டு வெளியவே வரலை இல்லைங்களா, அதனால அடிச்சது உள்ள போறதில்லை. உள்ள இருக்கற பழசு சேவ் ஆகுது. மேல புதுசு அப்படியே நிக்குது. பச்சையா 'சேமிக்கப்பட்டது'ன்னும் வருது. பாத்துட்டு எந்திரிச்சுப் போறவங்களுக்கு என்ன தெரியும்?

நாங்க நாலு பேரும் மௌஸ்லதான் சோதிச்சோம். மௌஸ்ல பட்டனை அமுக்குனா பெட்டியை விட்டு வெளிய வந்தாத்தான் ஆகும். எங்க கையில சாயம் இல்லை.

ஒரே வரி திருத்தம். எஃப் எட்டு அமுக்குனா மொதல்ல பெட்டியில இருக்கறதை உள்ள அனுப்பு, அப்புறம் சேமி. நஸ்ரீன் போட்டுருச்சு. புது வெர்சன் அனுப்பறப்ப என்ன மாத்துனோம்னு எழுதணும். அதை நான் எழுதுனேன். 'சிறு திருத்தங்கள்'னு. சிறுசுதானுங்களே, ஒரு வரி.

நஸ்ரீன் அன்னைக்கே கேட்டுச்சு, அண்ணா, அந்த சாம்பல் கலர்காரருக்குச் சொல்லணுமில்லன்னு. சொல்லிடறேன்னேன். அடுத்த வாரம் கேட்டுச்சு, சொல்லிட்டீங்களா. இல்லம்மா, நேர்ல போயிச் சொல்லணும், போன்ல சொல்ற விசயமில்லைன்னேன். அப்புறமும் ரெண்டு வாட்டி கேட்டுச்சு. அப்புறம் கேக்கறதை விட்டுருச்சு. தையில பெங்களூர் போயிருச்சு, நல்ல வேலை. அது போனதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை.

நான் சொல்லாம இல்லைங்க. சொல்றதுக்குத்தான் இருந்தேன். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் போலாம்னு நெனப்பேன். எந்திரிச்சுக் குளிப்பேன். உட்காந்துருவேன். பயம்னு சொல்ல முடியாது. வருத்தம்னும் சொல்ல முடியாது. காலு மரத்துப் போயிருந்தா கிள்ளுனா கிள்ளறது தெரியும், வலிக்காது. அப்படின்னு வெச்சுக்கங்க.

நேத்து அவரே கூப்பிட்டாருங்க. பேரைப் பாத்துட்டு எடுக்கலை. மறுபடி அடிச்சுது, எடுத்தேன். பெருந்துறையில ஒரு பட்டறைக்காரங்க அவரைத் தேடிப் புடிச்சிருக்காங்க. லேப் இன்சார்ஜா வாங்க, மெஷினை நம்பி எங்களுக்கு ஆவலை, ஆள் வேணும்னு. இன்னைக்கு ஆறு மணிக்குள்ள பதில் சொல்லச் சொல்லியிருக்காங்க, இல்லாட்டி வேற ஆளைப் போட்டுக்குவாங்களாம். உங்களை ஒரு வார்த்தை கேக்கணும் தம்பி, நேர்ல வர முடியுமாங்கன்னு கேட்டாரு. அதான் வந்தேன். இன்னைக்குச் சொல்லிரலாம்னுதான் வந்தேன்.

ஒரு தேங்காய்க் களத்துல கேட்டுல இருக்காருங்க. உள்ள கொப்பரை காயுது. உள்ள வர்ற லாரி நம்பரை நோட்டுல எழுதணும், அவ்வளவுதான் வேலை. நான் போனப்ப ஒரு வண்டி வந்துச்சு. நம்பரை எழுதுனாரு. எழுதிட்டு நோட்டைத் தூக்கிட்டுப் போயி டிரைவர்கிட்டக் காட்டி, இது சரியாப் போட்டிருக்கனான்னு பாத்துச் சொல்லு கண்ணுங்கறாரு. அவன் சிரிக்கறான். பெருசு, பொழுதன்னைக்கும் உனக்கு இதே வேலையா, நம்பர் எறங்கியா ஓடிப்போயிரும்னு கேக்கறான். இவரும் சிரிக்கறாரு. அவன் சரின்னு சொன்னதுக்கப்புறம்தான் கேட்டைத் தெறந்து விட்டாரு. அடுத்த வண்டிக்கும் அப்படியே.

கண்ணாடி போட்டிருந்தாரு. புதுசு. பவர் என்னங்கண்ணான்னு கேட்டேன். பவரெல்லாம் ஒண்ணும் இல்லீங்களாம். மூணு எடத்துல காட்டியிருக்காரு. கரூர், ஈரோடு, கோயமுத்தூரு. மூணு டாக்டரும் கண்ணு நல்லாருக்குன்னு சொல்லியிருக்காங்க. இவர்தான் விடாம, எதாச்சும் ஒண்ணு போட்டுக் குடுங்கன்னு வெறும் கண்ணாடி வாங்கியிருக்காரு. "டாக்டர் சொல்றாருங்க. ஆனா கம்ப்யூட்டர் பொய் சொல்லுங்களா?" அப்படின்னாரு. என்னைப் பாத்துச் சிரிச்சுட்டே.

களத்து ஆளுககிட்ட எல்லாம் என்னைக் கூட்டிட்டுப் போயிக் காட்டுனாரு. இந்தத் தம்பி சொல்லாட்டி என்ற கண்ணு கெட்டது எனக்கே தெரிஞ்சிருக்காது, இன்னும் எத்தனை லாட்டைக் கெடுத்திருப்பனோன்னு. அவங்க கும்புட்டாங்க. நானும் கும்புட்டேன்.

அப்புறம் என் சட்டையைப் பாத்தாரு. இந்தச் சட்டைதான், இதேதான். கொஞ்ச நேரம் பாத்தாரு. முன்னெல்லாம் எந்தச் சட்டை போட்டுட்டுப் போனாலும் இதுல மஞ்சள் இவ்வளவு, நீலம் இவ்வளவுன்னு சொல்லிக் கிண்டல் பண்ணுவாரு. அதைச் சொல்லப் போறாருன்னு நெனச்சேன். கண்ணாடியைக் கழட்டி, மறுபடி போட்டு, "தம்பி, இது பச்சைங்களா, நீலங்களா?" அப்படின்னு கேட்டாருங்க.

பச்சைங்கண்ணான்னேன். நீங்களே பாருங்க, இது பச்சையா? எனக்குத் தெரியலை. அவருக்குத் தெரியும்.

டீ குடிக்கறப்பதான் கேட்டாரு. போகட்டுங்களா தம்பி, நீங்க சொன்னாப் போறேன். கண்ணு சரியில்லாதவன் போயி அங்கயும் ஒரு லாட்டைக் கெடுத்தா என்னால தாங்க முடியாதுங்க. வீட்டுல போகச் சொல்றாங்க. எனக்கு ராத்திரியெல்லாம் கனவுல கலராத்தான் வருது, ஆனா நம்ப முடியலை. அப்படிங்கறாரு.

வாயில வந்துருச்சுங்க. நெஜமா வந்துருச்சு. டீ கிளாஸைக் கீழ வெச்சுட்டேன், சொல்றதுக்காக. அப்பத் திடீர்னு ஒரு லாரி வந்து ஆரன் அடிச்சான். அவர் எந்திரிச்சுப் போயி எழுதிட்டு, காட்டிட்டு, வந்தாரு. திரும்பி வந்து உட்காந்து என் மூஞ்சியையே பாக்கறாரு. நான் சொன்னேன், யோசிச்சுச் செய்யுங்கண்ணான்னு.

அவ்வளவுதான் சொன்னேன். போகாதீங்கன்னு சொல்லலை. அவர்தான் தலையை ஆட்டி, அப்ப வேண்டாம்னு சொல்லிடறேங்க, ஆறு மணிக்குக் கூப்பிட்டுச் சொல்லிக்கறேன்னாரு. பஸ் ஏத்தி விட வந்தாரு. நீங்க ஏறுனப்ப வெளிய நின்னு கையாட்டுனது அவர்தான். இல்லை, வெள்ளை வேட்டி இல்லை, கண்ணாடி போட்டவரு.

காங்கேயம் வந்துருச்சா. பாத்தீங்களா, பேசிட்டு வந்தா தெரியறதே இல்லை. தண்ணி வேணுங்களா? எனக்கு வேண்டாம்.

என்ன கேட்டீங்க? ஆமா, போன் நம்பர் இருக்கு. போன்ல கூப்பிட்டா வாய் வராதுங்க, எனக்கே தெரியும். அதனால போன்லயே மெசேஜா எழுதி வெச்சிருக்கேன். இன்னைக்கு இல்லை, ஐப்பசியிலயே எழுதுனது. நஸ்ரீன் மொத வாட்டி கேட்ட அன்னைக்கே. அப்பப்ப எடுத்து ஒரு வார்த்தை மாத்துவேன். இப்ப பஸ் ஏறுன ஒடனே கடைசி வரி சேத்தேன். படிக்கறேன், கேளுங்க.

"அண்ணா, அன்னைக்கு நீங்க அடிச்சது சரி. நீங்க பாத்ததும் சரி. என் பெட்டிதான் உள்ள எடுத்துக்கலை. தப்பு என்னோடது. எனக்கு ஐப்பசியிலயே தெரியும். உங்க கண்ணு நல்லாருக்கு. பெருந்துறைக்குப் போங்க."

நல்லாருக்குங்களா? எதாச்சும் விட்டுப் போச்சா? 'மன்னிச்சுக்கங்க'ன்னு மொதல்ல இருந்துச்சு, எடுத்துட்டேன், அதைப் போட்டா அவர் அதையே பெருசா நெனச்சுட்டு மத்ததைப் படிக்க மாட்டாரு. வேணும்னா கடைசியில போடலாம்.

படியூர் தாண்டிட்டமா. மணி அஞ்சரை இருக்குமா? முப்பத்தஞ்சா.

இல்லைங்க, டவர் எல்லாம் நல்லா இருக்கு. சார்ஜும் இருக்கு. அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்லை. இந்த 'என் பெட்டிதான்'ங்கறது அவருக்குப் புரியுமான்னு ஒரு யோசனை. பெட்டின்னா என்ன பெட்டின்னு கேப்பாரு. உங்களுக்குப் புரிஞ்சுது இல்லைங்களா? நான் இவ்வளவு நேரம் சொன்னதுக்கப்புறம் புரிஞ்சுது. அவருக்கு யாரு சொல்லுவா? 'சாப்ட்வேர்'னு போட்டா? அதுவும் சரியா வரலை.

இருங்க, இருங்க. எதுக்குக் கையைக் கொண்டு வரீங்க? அனுப்பற பட்டனை நானே அமுக்கிக்கறேன். உங்க கை பட்டு எதாச்சும் அழிஞ்சிரப் போகுது. கோவிச்சுக்காதீங்க. எனக்குத் தெரியும் எங்க அமுக்கணும்னு, என் தொழிலே அதுதான்.

நல்லூர். எறங்கணும், கொஞ்சம் காலை மடக்கிக்கங்க. பேசிட்டு வந்தது நல்லதாப் போச்சு, மனசு ஒண்ணும் லேசாகலை, ஆனா பொழுது போச்சு.

என்னங்க இது, அப்படிப் பாக்கறீங்க? சொல்லாம இல்லைங்க நான். அதான் போன்ல இருக்குதுல்ல, எல்லாமே இருக்குது, நீங்களே பாத்தீங்க. நான் அடிச்சனுங்க. உங்க கண்ணால பாத்தீங்கல்ல.